புல்வெளித் தீ அபாயச் சுட்டெண்

புல்வெளித் தீ அபாயச் சுட்டெண் என்பது உலர்ந்த புல்வெளி ஒன்றில் ஒரு குறிப்பிட்ட நாளில் தீப்பற்றினால், அத்தீ எவ்வளவு விரைவாகப் பரவும், அதனைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதை ஒரே எண்ணால் குறிக்கும் அளவீடு ஆகும். காற்றின் வேகம், வெப்பநிலை, ஒப்பு ஈரப்பதன், புல்லின் காய்வு அளவு ஆகியவற்றைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. ஆஸ்திரேலியத் தீயியல் அறிஞர் ஆலன் மெக்ஆர்தர் 1960களில் உருவாக்கிய இச்சுட்டெண், அந்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பாட்டில் இருந்தது. 2022 செப்டம்பர் 1 முதல் ஆஸ்திரேலியத் தீ அபாயத் தரப்படுத்தல் முறை என்னும் புதிய ஏற்பாடு அதன் இடத்தைப் பெற்றது.

இச்சுட்டெண் தீ எப்போது, எங்கே தோன்றும் என்பதைக் கூறுவதில்லை. தீ தோன்றினால் என்ன நேரும் என்பதையே கூறுகிறது. மின்னல், அறுந்து விழுந்த மின்கம்பி, அறுவடை இயந்திரத்தின் தீப்பொறி, கவனக்குறைவாக வீசப்பட்ட நெருப்பு என எது காரணமாயினும், அதன்பின் நடப்பதை முடிவு செய்வது அந்நேரத்து வானிலையும் புல்லின் நிலையுமே ஆகும்.

புல்வெளித் தீயின் இயல்பு

புல்வெளித் தீ, காட்டுத்தீயிலிருந்து பல வகைகளில் வேறுபட்டது. காட்டில் தடித்த கிளைகளும் மரத்துண்டுகளும் பல மணி நேரமோ பல நாட்களோ எரிகின்றன. புல்லோ மெல்லியது. ஓர் இடத்தில் புல்லின் சுவாலை சில நொடிகளில் எரிந்து முடிந்து முன்னே நகர்ந்துவிடும். மரங்களின் தடை இல்லாததால் காற்று தன் முழு வேகத்துடன் தீயைத் தள்ளுகிறது. ஆகவே புல்வெளித் தீ காட்டுத்தீயை விடப் பொதுவாக விரைவாகப் பரவும். மிக மோசமான நாட்களில் அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரையும் எட்டக்கூடும்.

காய்ந்த புல் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதனுக்கு ஏற்ப மிக விரைவில் மாறும் தன்மையுடையது. காலையில் பனி படிந்து தீப்பற்றாத நிலையில் உள்ள புல், வெயிலும் காற்றும் சேர்ந்தால் நண்பகலுக்குள் எளிதில் எரியும் நிலையை அடைந்துவிடும். முந்திய வாரம் பெய்த மழை காட்டின் தடித்த மரத்துண்டுகளை ஈரமாகவே வைத்திருக்கலாம். ஆனால் இறந்த புல்லை அம்மழை நீண்ட நேரம் காக்காது. இதனால் காட்டுக்கும் புல்வெளிக்கும் தனித்தனிச் சுட்டெண்கள் தேவைப்பட்டன.

தீயின் எல்லை முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. காற்று வீசும் திசையில் ஓடும் பகுதி தீமுகம் எனப்படும். இருபுறமும் உள்ளவை பக்க விளிம்புகள். காற்றை எதிர்த்து மெதுவாக எரிவது பின் விளிம்பு. சுட்டெண் குறிப்பது தீமுகத்தின் வேகத்தையே ஆகும்.

வரலாறு

மெக்ஆர்தர் (1923-1978) கான்பராவில் இருந்த ஆஸ்திரேலிய அரசின் வனவியல் மற்றும் மரப் பணியகத்தில் பணியாற்றியவர். அவரும் அவருடைய குழுவினரும் திட்டமிட்டு மூட்டிய ஆய்வுத் தீக்களையும், இயல்பாக ஏற்பட்ட பெருந்தீக்களின் பதிவுகளையும் ஒப்பிட்டு, வானிலைக்கும் தீப் பரவலுக்கும் உள்ள தொடர்பை வரையறுத்தனர். ஓராண்டுப் புல்வெளிகளுக்கான தீ அபாய அட்டவணைகள் 1960 இல் வெளிவந்தன. வானிலை, புல்வெளித் தீயின் நடத்தை ஆகியவை பற்றிய அவரது விரிவான கையேடு 1966 இல் வெளியானது.

அக்காலத்தில் தீயணைப்பு நிலையங்களில் கணினிகள் இல்லை. எனவே மெக்ஆர்தர் தம் கண்டுபிடிப்புகளை வட்ட வடிவ அட்டைக் கணிப்பான் ஒன்றில் அமைத்தார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் அட்டை வட்டுகளில் காய்வு, வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் வேகம் ஆகியவற்றை வரிசையாகப் பொருத்தினால், இறுதியில் சுட்டெண்ணும் தீ பரவும் வேகமும் கிடைக்கும். சட்டைப்பையில் அடங்கும் இந்தக் கணிப்பானை ஊர்ப்புறத் தன்னார்வத் தீயணைப்பு வீரர் ஒருவர் களத்தில் நின்றபடியே பயன்படுத்த முடிந்தது. மார்க் 3, மார்க் 4, மார்க் 5 எனப் பல பதிப்புகள் வெளிவந்தன.

1980 இல் நோபிள், பாரி, கில் ஆகிய மூவர் மெக்ஆர்தரின் கணிப்பான்களைக் கணிதச் சமன்பாடுகளாக மாற்றி வெளியிட்டனர். அதன் பின்னரே சுட்டெண்ணைக் கணினியில் கணக்கிட்டு, வானிலை முன்னறிவிப்போடு இணைத்து, நாடு முழுவதற்கும் வரைபடமாகத் தருவது எளிதாயிற்று.

காரணிகள்

காய்வு அளவு: ஒரு புல்வெளியிலுள்ள மொத்தப் புல்லில் இறந்து உலர்ந்த பகுதியின் விழுக்காடே காய்வு அளவு ஆகும். முழுப் பசுமையான புல்வெளியின் காய்வு 0%. முற்றிலும் வைக்கோல் நிறமாக மாறியதன் காய்வு 100%. பசும்புல்லில் உள்ள நீர் ஆவியாவதற்கு வெப்பம் செலவாவதால், பசுமை மிகுந்த புல்வெளியில் தீ எளிதில் பரவாது.

காற்றின் வேகம்: தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படும் சராசரி வேகம் கணக்கில் கொள்ளப்படுகிறது. காற்று சுவாலையை முன்னோக்கிச் சாய்த்து, இன்னும் எரியாத புல்லைச் சூடேற்றுகிறது. ஒரே நாளுக்குள் சுட்டெண்ணைப் பெரிதும் மாற்றக்கூடிய காரணி இதுவே.

ஒப்பு ஈரப்பதன், வெப்பநிலை: இவ்விரண்டும் சேர்ந்து இறந்த புல்லில் எஞ்சியுள்ள ஈரத்தை முடிவு செய்கின்றன. வெப்பமும் வறட்சியும் மிகுந்த பிற்பகலில் இந்த ஈரம் புல்லின் உலர் எடையில் 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கக்கூடும்.

எரிபொருள் சுமை: ஓர் எக்டேர் நிலத்தில் எத்தனை டன் புல் உள்ளது என்பது இது. மார்க் 5 பதிப்பில் இதுவும் ஒரு காரணியாகச் சேர்க்கப்பட்டது. இது பின்னர் விவாதத்துக்கு உள்ளானது.

கணக்கிடும் முறை

மார்க் 3 கணிப்பானின் சமன்பாட்டு வடிவம் பின்வருமாறு:

சுட்டெண் = 2 × (2.718 இன் 'ப' ஆம் அடுக்கு)

ப = −23.6 + 5.01 × (காய்வின் இயல் மடக்கை) + 0.0281 × வெப்பநிலை − 0.226 × √ஈரப்பதன் + 0.633 × √காற்றின் வேகம்

இங்கு காய்வும் ஈரப்பதனும் விழுக்காட்டிலும், வெப்பநிலை செல்சியசு பாகையிலும், காற்றின் வேகம் மணிக்குக் கிலோமீட்டரிலும் தரப்பட வேண்டும். சமதளத்தில் தீமுகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகரும் என்பதை அறிய, சுட்டெண்ணை 0.13 ஆல் பெருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, வெப்பநிலை 35 பாகை, ஈரப்பதன் 20%, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர், காய்வு 90% எனக் கொண்டால் 'ப' இன் மதிப்பு ஏறத்தாழ 2.38. சுட்டெண் ஏறத்தாழ 22. தீயின் வேகம் மணிக்கு 2.8 கிலோமீட்டர். இந்த நிலையிலிருந்து ஒரு காரணியை மட்டும் மாற்றினால் கிடைக்கும் விடைகள்:

- வெப்பநிலை 25 பாகையாகக் குறைந்தால் சுட்டெண் 16
- ஈரப்பதன் 40% ஆக உயர்ந்தால் சுட்டெண் 14
- காய்வு 100% ஆனால் சுட்டெண் 37
- காய்வு 70% ஆனால் சுட்டெண் 6
- காய்வு 50% ஆனால் சுட்டெண் 1
- காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் ஆனால் சுட்டெண் 91

இதிலிருந்து இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, மக்கள் அபாயத்தின் அடையாளமாகக் கருதும் வெப்பநிலை, சுட்டெண்ணை அவ்வளவாக மாற்றுவதில்லை. காற்றின் வேகம் இருமடங்கானால் சுட்டெண் நான்கு மடங்குக்கும் மேல் உயர்கிறது. இரண்டாவது, காய்வு 70 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காட்டை அடையும் சில வாரங்களில், அதே வானிலை ஆறு மடங்கு அபாயம் உடையதாக மாறிவிடுகிறது. காய்வைத் தவறாக மதிப்பிட்டால் சுட்டெண் முழுவதுமே தவறாகிவிடும்.

நிலம் மேல்நோக்கிச் சரிந்திருந்தால் வேகம் மேலும் கூடும். மெக்ஆர்தரின் விதிப்படி, தீ மேட்டை நோக்கிச் செல்லும்போது ஒவ்வொரு 10 பாகைச் சரிவுக்கும் அதன் வேகம் இருமடங்காகும்.

தீயின் செறிவு

தீயின் வேகம் மட்டுமே அதன் வலிமையைக் காட்டாது. 1959 இல் அமெரிக்கரான ஜார்ஜ் பைரம் தந்த சூத்திரத்தின்படி, தீமுகத்தின் ஒரு மீட்டர் நீளத்திலிருந்து நொடிக்கு வெளியாகும் வெப்பம், எரிபொருளின் வெப்ப மதிப்பு, எரிந்த எரிபொருளின் அளவு, தீயின் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் ஆகும். எக்டேருக்கு 4 டன் புல் உள்ள நிலத்தில் தீ மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், மீட்டருக்கு ஏறத்தாழ 20,000 கிலோவாட் வெப்பம் வெளியாகும். இத்தகைய தீமுகத்தின் முன் நின்று அதனை நீரூற்றி அணைக்க முடியாது. தீயணைப்போர் எரிந்த பகுதியின் பின்புறத்திலிருந்து தொடங்கிப் பக்க விளிம்புகளை அணைத்தவாறே முன்னேறுவது இதனாலேயே ஆகும். அந்த வேகத்தில் வரும் தீ ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆறு நிமிடங்களே ஆகும் என்பதால், வீட்டை விட்டு வெளியேற எண்ணுவோர் புகையைக் கண்ட பின் முடிவெடுத்தால் காலம் கடந்துவிடும்.

காய்வை அளத்தல்

வெப்பநிலை, ஈரப்பதன், காற்று ஆகியவற்றைக் கருவிகள் அளந்துவிடும். காய்வை அளப்பதே கடினமான பணி. அதற்கு மூன்று முறைகள் உள்ளன.

1. கண் மதிப்பீடு: பயிற்சி பெற்ற நோக்கர்கள், பல காய்வு நிலைகளைக் காட்டும் வண்ணப் படங்களுடன் தம் பகுதிப் புல்வெளியை ஒப்பிட்டு வாரந்தோறும் விழுக்காட்டைத் தெரிவிக்கின்றனர். விக்டோரியா மாநிலத்தில் ஊரகத் தீயணைப்பு ஆணையத்தின் தன்னார்வலர்கள் இப்பணியைச் செய்கின்றனர். சாலையோரத்திலிருந்து பார்ப்பவருக்கு உயரமான உலர்ந்த தாள்களே முதலில் தெரியும். அடியிலுள்ள பச்சை மறைந்துவிடுவதால் மதிப்பீடு தவறக்கூடும்.

2. லெவி கோல்: மெல்லிய உலோகக் கோல் ஒன்றைப் புல்லுக்குள் செங்குத்தாக நட்டு, அதனைத் தொடும் பச்சை இலைகளையும் உலர்ந்த இலைகளையும் தனித்தனியே எண்ணும் முறை. துல்லியமானது. எனினும் நேரம் மிகுதியாகத் தேவைப்படும்.

3. செயற்கைக்கோள்: பசுமையான இலைகள் சிவப்பு ஒளியை உட்கவர்ந்து, அகச்சிவப்புக்கு அண்மைய ஒளியை மிகுதியாக எதிரொளிக்கின்றன. இவ்விரண்டின் வேறுபாட்டிலிருந்து காய்வைக் கணிக்கலாம். 1980களில் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு விக்டோரியாவில் இம்முறை ஆராயப்பட்டது. பின்னர் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களின் தரவுகள் பயன்பட்டன. பரந்த நிலத்தை ஒரே முறையில் காண இயல்வது இதன் சிறப்பு. மரங்களும் மேகமும் இடையூறாகின்றன. ஆகவே விக்டோரியாவில் செயற்கைக்கோள் கணிப்பை நோக்கர்களின் அறிக்கையுடன் இணைத்துத் திருத்தும் முறை பின்பற்றப்படுகிறது.

தர நிலைகள்

தொடக்கத்தில் சுட்டெண் ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்பட்டது: குறைவு, மிதம், உயர்வு, மிக உயர்வு, அதீதம். சுட்டெண் 50 ஐத் தாண்டியவை அனைத்தும் அதீதம் எனப்பட்டன. 2009 பெப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் ஏற்பட்ட, கருஞ்சனி எனப்படும் பெருந்தீயில் 173 பேர் உயிரிழந்தனர். 50 முதல் 150 க்கும் மேற்பட்ட நாட்கள் வரை அனைத்தையும் ஒரே சொல்லால் குறித்தால், மிகக் கொடிய நாளைப் பொதுமக்களால் வேறுபடுத்தி அறிய முடியாது என்பது உணரப்பட்டது. ஆகவே அதே ஆண்டில் மேல்நிலைகள் மீண்டும் பிரிக்கப்பட்டு, 'பேரழிவு' என்னும் உச்ச நிலை சேர்க்கப்பட்டது. புல்வெளிகளுக்கு அதன் தொடக்கம் 150.

2022 இல் நடைமுறைக்கு வந்த புதிய முறையில் மிதம், உயர்வு, அதீதம், பேரழிவு என நான்கு நிலைகள் உள்ளன. இவை முறையே 12, 24, 50, 100 ஆகிய எண்களில் தொடங்குகின்றன. இவ்வெண்கள் மெக்ஆர்தரின் சுட்டெண் அல்ல, தீ நடத்தைச் சுட்டெண் என்னும் புதிய அளவைச் சேர்ந்தவை. புல்வெளி, காடு, புதர்நிலம் முதலிய எட்டு வகை எரிபொருள்களுக்கும் தனித்தனிப் பரவல் மாதிரிகள் இதில் பயன்படுகின்றன.

பயன்பாடுகள்

சுட்டெண்ணைக் கொண்டு, முழுத் தீத்தடை நாட்கள் அறிவிக்கப்பட்டன. அத்தகைய நாட்களில் திறந்தவெளியில் நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். தீயணைப்பு வண்டிகளையும் வானூர்திகளையும் எங்கு நிறுத்துவது என்பதும் இதன் அடிப்படையில் முடிவு செய்யப்பட்டது.

உழவர்களுக்கும் இது நேரடியாகத் தொடர்புடையது. தெற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை, பார்லி அறுவடைக் காலமும் தீ அபாயக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அறுவடை இயந்திரத்தின் சூடான பாகங்களில் படியும் வைக்கோல் தூசி தீப்பற்றிக் கொள்வதுண்டு. எனவே, வயலில் அளந்த சுட்டெண் 35 ஐத் தாண்டினால் அறுவடையை நிறுத்த வேண்டும் என்னும் நடைமுறை விதி அம்மாநிலத்தில் பல ஆண்டுகள் பின்பற்றப்பட்டது. மழை வருமுன் கதிரை வீடு சேர்க்க வேண்டிய உழவர், கையடக்கக் காற்றுமானியுடன் வயலில் நின்று இம்முடிவை எடுக்க வேண்டியிருந்தது.

பின்னைய ஆய்வுகள்

1986 இல் பில் செனியும் அவருடைய குழுவினரும் வட ஆட்புலத்தில் அன்னபுரூ என்னுமிடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுத் தீக்களை மூட்டி அளந்தனர். அதன் முடிவுகள் 1993 இலும் 1998 இலும் வெளியாயின. எரிபொருள் சுமை தீ பரவும் வேகத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை என்பது அதில் தெரியவந்தது. சுமை கூடினால் சுவாலையின் உயரமும் வெப்பமும் கூடும், ஆனால் வேகத்தை முடிவு செய்வது புல்லின் நிலையே. மேயப்படாத இயற்கைப் புல், மேயப்பட்ட புல், முற்றிலும் மேய்ந்து தீர்ந்த புல் என மூன்று நிலைகள் வகுக்கப்பட்டன. தீமுகம் போதிய அகலம் பெற்ற பின்னரே தீ தன் முழு வேகத்தை அடைகிறது என்பதும் கண்டறியப்பட்டது. சிறிய ஆய்வுத் தீயின் வேகத்தைப் பெருந்தீக்கு அப்படியே பொருத்த இயலாது என்பது இதன் பொருள். 1998 இன் இந்த மாதிரியே புதிய தரப்படுத்தல் முறையில் புல்வெளிகளுக்கு அடிப்படையாக உள்ளது.

காய்வு 50 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் தீ பரவாது என்று முன்னர் கருதப்பட்டது. 2015 இல் வெளியான மிகேல் குரூஸ் குழுவினரின் ஆய்வு, அதனினும் பசுமையான புல்வெளியிலும் தீ பரவக்கூடும் எனக் காட்டியது.

வரம்புகள்

காற்றுத் திசை மாற்றத்தைச் சுட்டெண் காட்டாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் கோடையில் வடக்கிலிருந்து வீசும் வெப்பக் காற்று, குளிர்முகப்பு வந்தவுடன் தென்மேற்குக் காற்றாக மாறும். அப்போது தீயின் நீண்ட கிழக்குப் பக்க விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் தீமுகமாகிவிடுகிறது. வெப்பநிலை குறைந்து சுட்டெண் இறங்கும் அந்த நேரமே களத்தில் உள்ளவர்களுக்கு மிக ஆபத்தான நேரமாக அமையலாம்.

மழை மிகுந்த ஆண்டு பாதுகாப்பான ஆண்டு என்பதும் பொருந்தாது. வறண்ட உள்நிலப் பகுதிகளில் மழை மிகுந்தால் புல் செழித்து வளர்ந்து, பின்னர் தொடர்ச்சியான எரிபொருளாகக் காய்கிறது. 1974-75 கோடையில், பெருமழைக்குப் பின், ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 11.7 கோடி எக்டேர் நிலம், அதாவது கண்டத்தின் சுமார் 15% எரிந்தது. அதில் பெரும்பகுதி உள்நாட்டுப் புல்நிலங்களாகும்.

அயல்நாட்டுப் புற்கள் மற்றொரு சிக்கல். ஆப்பிரிக்காவிலிருந்து மேய்ச்சலுக்காகக் கொண்டுவரப்பட்ட காம்பா புல், வட ஆஸ்திரேலியாவின் இயல் புற்களை விடப் பல மடங்கு எரிபொருளைத் தருவதால், அதே சுட்டெண் உள்ள நாளிலும் தீ மிகக் கடுமையாக எரிகிறது.

குறிப்பிடத்தக்க புல்வெளித் தீக்கள்

- லாரா, விக்டோரியா, 1969 சனவரி 8: மாநிலம் முழுவதும் ஒரே நாளில் எரிந்த தீக்களில் 23 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 17 பேர் மெல்பேர்ணுக்கும் ஜீலோங்குக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் லாரா அருகே தீயில் சிக்கியவர்கள்.
- வாங்கரி, தெற்கு ஆஸ்திரேலியா, 2005 சனவரி 10-11: முதல் நாள் தோன்றிய தீ, மறுநாள் பலத்த காற்றில் மீறிப் பரவியது. 9 பேர் உயிரிழந்தனர்.
- பைனரி, தெற்கு ஆஸ்திரேலியா, 2015 நவம்பர் 25: அறுவடைக் காலத்தில் 80,000 எக்டேருக்கும் மேற்பட்ட பயிர்நிலமும் புல்நிலமும் எரிந்தன. 2 பேர் உயிரிழந்தனர்.
- மார்ஷல் தீ, கொலராடோ, ஐக்கிய அமெரிக்கா, 2021 திசம்பர் 30: குளிர்காலத்தில், கடும் புயற்காற்றில் உலர்ந்த புல்வெளி வழியே குடியிருப்புகளுக்குள் புகுந்த தீ 1,000 க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது.
- சுமோக்கவுசு கிரீக் தீ, டெக்சாசு, ஐக்கிய அமெரிக்கா, 2024 பெப்ரவரி-மார்ச்: 10 இலட்சம் ஏக்கருக்கும் மேல் எரிந்தது. டெக்சாசு வரலாற்றில் பதிவான மிகப்பெரிய தீ இதுவாகும்.

கடைசி இரண்டும் குளிர்காலத்தில் நிகழ்ந்தவை. புல் காய்ந்திருந்து காற்றும் வலுவாக வீசினால், பெருந்தீக்குக் கோடை வெப்பம் கட்டாயமன்று என்பதற்கு இவை சான்றாகும்.

இவற்றையும் பார்க்க

- காட்டுத்தீ
- ஒப்பு ஈரப்பதன்
- தொலையுணர்தல்
- சவன்னா